அரச முறி நிதியங்கள்: மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிலையான வைப்பின் வட்டி இறங்கிய பிறகு, "கவர்மெண்டில் போடுகிற யூனிட் ட்ரஸ்ட் ஒன்று இருக்கிறதாமே, அது பாதுகாப்புத்தானே?" என்று எங்கள் பக்கம் நிறையப் பேர் கேட்கிறார்கள். சேமலாப நிதிக் காசு கைக்கு வந்த தோட்டத் தொழிலாளர்கள் கேட்கிறார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், கொழும்பில் கடையில் நிற்கும் பிள்ளைகள், வெளிநாட்டில் வீட்டு வேலை செய்து காசு அனுப்பும் பெண்களின் குடும்பத்தார் என்று எல்லோரும் கேட்கிறார்கள். மழையிலும் அட்டைக்கடியிலும் சேர்த்த காசு இது. அதனால் "பாதுகாப்பானது" என்று ஒரே சொல்லில் பதில் சொல்ல மனம் வரவில்லை. கேள்வி கேள்வியாகப் பார்ப்போம்.

அரச முறி நிதியம் என்றால் என்ன?

அரசாங்கம் செலவுக்குக் கடன் வாங்குகிறது. 91, 182, 364 நாட்களுக்கு வாங்கும் கடனுக்குத் திறைசேரி உண்டியல் என்று பெயர். 2 வருடத்துக்கும் அதற்கு மேலும் வாங்குவது திறைசேரி முறி. உண்டியலுக்குத் தனியாக வட்டி கிடையாது. 100 ரூபா உண்டியலைக் குறைந்த விலைக்கு வாங்கி, தவணை முடிந்ததும் 100 ரூபா பெறுகிறோம். வீதம் 8 சதவீதம் என்றால் 364 நாள் உண்டியலின் விலை ஏறக்குறைய 92 ரூபா 60 சதம். முறிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வட்டி வரும், போட்ட முதல் தவணை முடிவில் திரும்பி வரும்.

பலருடைய காசைச் சேர்த்து இந்த உண்டியல்களையும் முறிகளையும் வாங்கி வைத்திருப்பதுதான் அரச முறி நிதியம். யூனிட் ட்ரஸ்ட் என்று கேட்பது இதைத்தான். உங்கள் பங்குக்கு அலகுகள் கிடைக்கும். நிதியத்திடம் உள்ள பிணையங்களின், அதாவது உண்டியல்களினதும் முறிகளினதும், அன்றைய சந்தை விலையைக் கூட்டி, செலவைக் கழித்து, அலகின் விலையைக் கணக்கிடுகிறார்கள். நிதியத்தை நடத்துவது ஒரு முகாமைத்துவக் கம்பனி. சொத்தைக் காவலில் வைத்திருப்பது நம்பிக்கைப் பொறுப்பாளர், வழக்கமாக ஒரு வங்கி. இரண்டும் வேறு வேறு கைகளில் இருப்பது நல்ல ஏற்பாடு. மேற்பார்வை பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவுடையது.

பிக்சட் டிபோசிட்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

டிபோசிட்டில் என்ன கிடைக்கும் என்பது போடும் நாளிலேயே தெரியும். நிதியத்தில் தெரியாது. டிபோசிட்டுக்கு வைப்புக் காப்புறுதி உண்டு. வங்கி விழுந்தால் ஒருவருக்கு ஒரு வங்கியில் 11 இலட்சம் ரூபா வரை கிடைக்கும். நிதியத்துக்கு அந்தக் காப்புறுதி இல்லை. மறுபக்கம், டிபோசிட்டை இடையில் உடைத்தால் பேசிய வட்டி கிடைக்காது. நிதியத்தில் வேலை நாட்களில் எப்போது வேண்டுமானாலும் அலகை விற்கலாம், ஆனால் அன்றைய விலைக்குத்தான்.

அரசாங்கமே பொறுப்பு என்கிறார்களே, அப்புறம் எப்படி நட்டம் வரும்?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

அரசாங்கம் பொறுப்பேற்பது, தவணை நாளில் இத்தனை ரூபா தருவேன் என்பதற்கு மட்டும். தவணைக்கு முன் அந்த முறி சந்தையில் என்ன விலை போகும் என்பதற்கு அது பொறுப்பல்ல. அந்த ரூபாவுக்கு அன்றைக்கு எவ்வளவு அரிசி வாங்கலாம் என்பதற்கும் பொறுப்பல்ல.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 சதவீத வட்டியில் 10 வருட முறி ஒன்றை 100 ரூபாவுக்கு வாங்குகிறீர்கள். மறுநாளே சந்தை வீதம் 12 ஆகிவிடுகிறது. புது முறி 12 தரும்போது உங்களுடைய 10 சதவீத முறியை யார் 100 ரூபா கொடுத்து வாங்குவார்? விலையைக் குறைத்தால்தான் போகும். எவ்வளவுக்கு? 88 ரூபா 50 சதம் அளவில். வீதம் 12க்கு ஏறாமல் 8க்கு இறங்கியிருந்தால் அதே முறி 113 ரூபா 60 சதம் போகும். வீதம் ஏறினால் முறியின் விலை இறங்கும், வீதம் இறங்கினால் விலை ஏறும்.

தவணை வரை வைத்திருப்பவருக்கு இந்த ஏற்ற இறக்கம் தாளில் மட்டும்தான். அவருக்கு 100 ரூபா வந்துவிடும். ஆனால் நிதியத்துக்கு அப்படி ஒரு தவணை நாள் கிடையாது. ஒரு முறி முதிர்ந்தால் இன்னொன்றை வாங்கிக்கொண்டே போவார்கள். அதனால் நீங்கள் வெளியே வரும் நாளின் விலைதான் உங்கள் விலை. "அரசாங்கம்" என்ற பெயரைக் கேட்டதும் இந்த இடத்தைத்தான் பலர் தவறவிடுகிறார்கள்.

எவ்வளவு இறங்கும் என்பது காலத்தைப் பொறுத்தது. மேலே சொன்ன முறிக்கு இன்னும் ஒரு வருடம்தான் மிச்சம் என்றால், அதே 2 சதவீத ஏற்றத்துக்கு விலை 98 ரூபா 20 சதத்துக்குத்தான் இறங்கும். குறுங்கால உண்டியலில் போடும் நிதியமும் 10 வருட முறியில் போடும் நிதியமும் "அரச பிணைய நிதியம்" என்ற ஒரே பெயரைச் சூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் உள்ளே அவை வேறு வேறு சாமான்.

2022இல் என்ன நடந்தது?

2021 முடிவில் 91 நாள் உண்டியலின் வீதம் 8 சதவீத அளவில் இருந்தது. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. அந்த வருடமே உண்டியல் வீதம் 30ஐத் தாண்டியது. 10 சதவீத வட்டியுள்ள, 5 வருடம் மிச்சமுள்ள முறி ஒன்றை 30 சதவீத வீதத்தில் விலை போட்டால் 100 ரூபாவுக்குச் சுமார் 50 ரூபா வரும். அரசாங்கம் அந்த முறியின் வட்டியை ஒரு நாளும் தவறவிடாமல் கட்டினாலும், அன்றைக்கு விற்க வேண்டியவருக்குப் பாதிதான்.

சரி, 30 சதவீத வட்டி அந்த நேரத்து விலைவாசிக்கு ஈடு கொடுத்ததா? கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 சதவீதம். அதாவது, முந்தைய வருடம் 1 இலட்சத்துக்கு வாங்கிய சாமான் அந்த மாதம் 1 இலட்சத்து 69 ஆயிரத்து 800. முந்தைய வருடம் போட்ட 1 இலட்சம் 30 சதவீதமே வளர்ந்திருந்தாலும் 1 இலட்சத்து 30 ஆயிரம்தான். கோதுமை மாவையும் பால்மாவையும் கடையில் வாங்கிச் சாப்பிடும் லயத்துக் குடும்பத்துக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அரசாங்கமே அப்போது கடனைக் கட்ட முடியாது என்றதே. அந்த ஆபத்து?

2022 ஏப்ரல் 12ஆம் திகதி நிறுத்தப்பட்டது வெளிநாட்டுக் கடன். டொலரில் விற்ற சர்வதேச முறிகள் 2024 டிசம்பரில்தான் புது முறிகளாக மாற்றப்பட்டன. ரூபாவில் வாங்கிய கடனின் கதை வேறு. 2023 ஜூலை 1ஆம் திகதி உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்புக்கு, அதாவது பழைய கடனின் வட்டியையும் தவணையையும் மாற்றுவதற்கு, பாராளுமன்றம் ஒப்புதல் கொடுத்தது. தனிநபர்கள் வைத்திருந்த திறைசேரி உண்டியல்களும் முறிகளும் அதில் வெட்டுப்படவில்லை. மாற்றத்தைச் சுமந்தவை முக்கியமாக மத்திய வங்கி வைத்திருந்த உண்டியல்களும், ஓய்வூதிய, சேமலாப நிதிகளின் முறிகளும்.

"ரூபாவை அரசாங்கம் அச்சடித்துக் கொள்ளும், அதனால் ரூபாக் கடனில் ஆபத்தே இல்லை" என்று சொல்பவர்கள் உண்டு. அச்சடித்தால் விலைவாசி ஏறும், அது சேமிப்பை என்ன செய்யும் என்பதை மேலே பார்த்தோம். அச்சடிக்காவிட்டால் மறுசீரமைப்பு. ஆபத்து சிறியதாக இருக்கலாம். ஆனால் இல்லை என்று இந்த நாட்டில் இனி யாரும் சொல்லக் கூடாது.

என் சேமலாப நிதிக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

நெருங்கிய தொடர்பு. இதை யாரும் நமக்கு எடுத்துச் சொல்வதில்லை என்பது எனக்கு உண்மையான கவலை.

ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 சதவீதமும் தோட்டம் 12 சதவீதமும் கட்டுகின்றன. அந்தக் காசை முதலீடு செய்வது மத்திய வங்கி. அதில் 10 ரூபாவுக்கு 9 ரூபாவுக்கும் மேல் அரச பிணையங்களில்தான் இருக்கிறது. அப்படியென்றால் தோட்ட வேலைக்குப் பிரட்டுக்களத்தில் பேர் போடும் ஒவ்வொருவரும் ஏற்கனவே அரச முறியில் முதலீட்டாளர்தான். 2023 மறுசீரமைப்பில் அந்த நிதி தன் முறிகளில் ஒரு பகுதியைக் கொடுத்துவிட்டு, 2027 முதல் 2038 வரை முதிரும் புது முறிகளை வாங்கிக்கொண்டது. அவற்றின் வட்டி முதல் சில வருடங்களுக்கு 12 சதவீதம், அதன் பிறகு 9. முறிகளை அப்படி மாற்றிக்கொள்ளாவிட்டால் நிதியின் வருமானத்துக்கு 14க்குப் பதில் 30 சதவீத வரி என்று சட்டம் வந்தது. அங்கத்தவரின் நிலுவையில் கைவைக்கவில்லை என்பது உண்மை. இனிமேல் வரவேண்டிய வருமானத்தில் கைவைத்தார்கள் என்பதும் உண்மை. பெரும் முதலாளிகளின் முறிகளுக்கு இல்லாத சுமை கொழுந்து பறிப்பவரின் ஓய்வுக்காசில் ஏற்றப்பட்டது நியாயம் என்று நான் நினைக்கவில்லை.

இதிலிருந்து ஒரு நடைமுறை முடிவு வருகிறது. உங்கள் பெரிய சேமிப்பு ஏற்கனவே நீண்டகால அரச முறிகளில் இருக்கும்போது, கையில் இருக்கும் சிறிய சேமிப்பையும் அதே நீண்டகால முறிகளில் போடாதீர்கள். அரசாங்கத்தில்தான் போடுவேன் என்றால் குறுங்காலப் பக்கம் போங்கள். மிச்சத்தை வங்கி வைப்பு, கொஞ்சம் தங்கம் என்று பிரித்து வையுங்கள். சேமலாபக் கணக்கு இல்லாத சிறு கடைக்காரருக்கும் மரக்கறித் தோட்டக்காரருக்கும் இந்தக் கட்டுப்பாடு இல்லை.

நிதியத்தின் தாளில் எதைப் பார்க்க வேண்டும்?

மாதாந்தம் ஒரு தகவல் தாள் வெளியிடுவார்கள். மேலே பெரிய எழுத்தில் கடந்த வருட வருமானம் இருக்கும். அதை விட்டுவிட்டு கீழே சின்ன எழுத்துக்குப் போங்கள். "டியூரேஷன்" என்று வருடக் கணக்கில் ஒரு எண் இருக்கும். அந்த எண்ணை வட்டி ஏற்றத்தால் பெருக்கினால் விலை எவ்வளவு இறங்கும் என்று தோராயமாகத் தெரிந்துவிடும். டியூரேஷன் 5, வீதம் 2 சதவீதம் ஏறுகிறது என்றால் அலகு விலை 10 சதவீதம் அளவில் விழும். 1 இலட்சம் 90 ஆயிரமாகும். டியூரேஷன் கால் வருடம் என்றால் அரை சதவீதம், அதாவது 500 ரூபா. காசு எப்போது தேவையோ அந்தக் காலத்தை விட டியூரேஷன் குறைவாக உள்ள நிதியத்தைத்தான் எடுக்க வேண்டும். அடுத்த வருடம் மகளின் கல்யாணம் என்றால் 5 வருட டியூரேஷன் நிதியம் உங்களுக்கானதல்ல, யார் என்ன சொன்னாலும்.

பிறகு, உள்ளே என்ன இருக்கிறது என்ற பட்டியல். உண்டியல், முறி, அரச பிணையங்களை ஈடாக வைத்துக் கொடுக்கும் குறுங்காலக் கடனான மீள்கொள்வனவு (ரீபோ) என்றிருந்தால் சரி. கம்பனிக் கடன்பத்திரமும் நிதிக் கம்பனி வைப்பும் கலந்திருந்தால் அது வேறு வகை நிதியம். அதன் ஆபத்தும் வேறு.

கட்டணத்தையும் பாருங்கள். முகாமைக் கட்டணமும் நம்பிக்கைப் பொறுப்பாளர் கட்டணமும் உங்களிடம் தனியாகக் கேட்கப்படாது, அலகு விலையிலேயே கழிந்துவிடும். வீதம் 30 இருக்கும்போது 1 சதவீதக் கட்டணம் கண்ணில் படாது. வீதம் 8 ஆனால் அதே 1 சதவீதம் வருமானத்தில் எட்டில் ஒரு பங்கு. சில நிதியங்களில் குறிப்பிட்ட காலத்துக்குள் வெளியே வந்தால் வெளியேறும் கட்டணமும் உண்டு. கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்.

2023இல் இந்த நிதியங்கள் நிறைய இலாபம் காட்டினவே?

காட்டின. வீதம் உச்சியிலிருந்து இறங்கியதால் கையில் இருந்த முறிகளின் விலை ஏறியது. அது ஒரு முறை நடக்கும் ஏற்றம். வீதம் 30லிருந்து 13க்கு இறங்கலாம், 8லிருந்து அதே அளவு இறங்க இடமே இல்லை. இப்போது உள்ளே போகிறவர் பார்க்க வேண்டியது இன்றைய உண்டியல், முறி வீதங்களை. 2025 நடுவில் உண்டியல் வீதங்கள் 8 சதவீத அளவில் இருந்தன. அதிலிருந்து கட்டணத்தைக் கழித்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் குறுங்கால நிதியத்தில் ஆபத்தே இல்லையா?

விலை விழும் ஆபத்து சின்னது. வருமானம் விழும் ஆபத்து பெரியது. 2022 முடிவில் 364 நாள் உண்டியல் 29 சதவீதத்துக்கு மேல் தந்தது. அது முதிர்ந்து 2023 முடிவில் திரும்ப வாங்கப் போனபோது பாதிக்கும் கீழ். மாதச் செலவுக்கு வட்டியை நம்பியிருந்த ஓய்வூதியக்காரர்களுக்கு இது பெரிய அடி.

நிதியம் இல்லாமல் நானே உண்டியல் வாங்கலாமா?

வாங்கலாம். வங்கிகளும், அரச பிணையங்களை ஏலத்தில் நேரடியாக வாங்கி விற்க அனுமதி பெற்ற முதனிலை வணிகர்களும் விற்கிறார்கள், அவரவருக்கு ஒரு குறைந்தபட்சத் தொகை உண்டு. தவணை வரை வைத்திருக்கும் எண்ணம் இருந்தால் விலை ஏற்ற இறக்கத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை என்பது பெரிய நன்மை. சில இலட்சம் கையில் இருப்பவருக்கு நான் முதலில் இதைத்தான் சொல்வேன். வாங்கியது உங்கள் பெயரில் மத்திய வங்கியின் லங்காசெக்கியூர் பதிவில் ஏறியிருக்கிறதா என்று கூற்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். இடைத்தரகர் தன் கடிதத்தாளில் தரும் பற்றுச்சீட்டு மட்டும் போதாது.

ஆயிரம், ஐயாயிரமாகச் சேர்ப்பவருக்கு நிதியம்தான் வழி. ஆயிரம் ரூபாவில் தொடங்கும் நிதியங்கள் உண்டு.

நகை அடகில் இருக்கிறது. காசை நிதியத்தில் போடலாமா?

நகையை மீட்டுவிடுங்கள். அடகு வட்டி நிதியம் தருவதை விட அதிகம். கந்துக்காரரிடம் கடன் இருந்தால் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு அந்தக் கடனை முதலில் அடையுங்கள்.

வரி?

வைப்பு வட்டியில் பிடித்துவைக்கும் வரி 2025 ஏப்ரல் 1 முதல் 10 சதவீதம். முன்பு 5ஆக இருந்தது. வருட வருமானம் 18 இலட்சத்துக்குக் கீழ் உள்ளவர்கள் வங்கியில் சுய பிரகடனப் படிவம் கொடுத்தால் பிடிக்க மாட்டார்கள். இங்கே பெரும்பாலானோர் அந்த வகைதான், ஆனால் படிவம் கொடுக்காமல் பணத்தை இழந்துகொண்டிருக்கிறார்கள். நிதியத்தை டிபோசிட்டோடு ஒப்பிடும்போது இரண்டிலும் வரி போக எவ்வளவு மிஞ்சும் என்று எழுதி வாங்கி ஒப்பிடுங்கள்.

மாதம் 10 சதவீதம், அரசாங்கப் பதிவோடு தருகிறோம் என்று ஒருவர் வருகிறாரே?

வருடத்துக்கு 8 தரும் உண்டியலிலிருந்து மாதத்துக்கு 10 எடுக்க ஒருவராலும் முடியாது. கம்பனி பதிவு செய்திருப்பது வேறு, மக்களிடம் காசு வாங்க அனுமதி பெற்றிருப்பது வேறு. ஆள் சேர்த்தால் கொமிஷன் என்றால் அது பிரமிட் திட்டம், வங்கிச் சட்டப்படி குற்றம். நிதியத்தின் பெயர் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவின் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். காசை ஆளின் கையிலோ சொந்தக் கணக்கிலோ கொடுக்க வேண்டாம். நம்பிக்கைப் பொறுப்பாளர் வங்கியில் நிதியத்தின் பெயரில் உள்ள கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள். வருபவர் சொந்தக்காரராகவோ கோயில் கமிட்டி ஆளாகவோ இருந்தாலும் இதுதான் விதி.

அவசரக் காசை இதில் வைக்கலாமா?

வேண்டாம். அலகை விற்று வங்கிக் கணக்குக்குக் காசு வர ஓரிரு வேலை நாளாவது ஆகும். நீண்ட விடுமுறை வந்தால் இன்னும் தள்ளும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலின்போது மலையகத்தில் மண்சரிவால் பாதைகள் அடைபட்டன. அந்த நேரத்தில் உதவுவது வீட்டில் உள்ள கொஞ்சக் காசும் சேமிப்புக் கணக்கும்தான். மூன்று மாதச் செலவை அப்படி வைத்துவிட்டு மிச்சத்தைப் பற்றி யோசியுங்கள்.

லயத்தில் இருக்கிறோம், தனி முகவரி இல்லை. கணக்குத் திறக்க முடியுமா?

முடியும், கொஞ்சம் அலைய வேண்டும். முகவரியை உறுதிப்படுத்த மின்சாரப் பட்டியலோ தண்ணீர்ப் பட்டியலோ கேட்பார்கள். உங்கள் பெயரில் அது இல்லையென்றால் கிராம உத்தியோகத்தரிடம் வதிவிடச் சான்றிதழ் எடுத்து, பிரதேச செயலகத்தில் மேலொப்பம் வாங்கிக் கொடுங்கள். தேசிய அடையாள அட்டையில் உள்ள பெயரும் வங்கிப் புத்தகத்தில் உள்ள பெயரும் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தகப்பன் பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் இழுத்தடிப்பார்கள். படிவம் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். விளங்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். கூற்றுகளைத் தபாலில் கேட்டால் தோட்டக் காரியாலயத்துக்குத்தான் வரும், யார் கையில் போகும் என்று தெரியாது. அதனால் மின்னஞ்சலும் கைபேசிக் குறுஞ்செய்தியும் கேட்டு வாங்குங்கள். உங்களுக்குப் பிறகு காசைப் பெறும் பின்னுரித்தாளர் பெயரை வெறுமையாக விடாமல் அன்றைக்கே நிரப்பிவிடுங்கள்.